ஐயங்குளத்தில் விழுந்த பட்சணப் பொட்டலம்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறவர்கள். அந்த ஊரின் வாகு அப்படி. ஒரு பக்கம் 2,668 அடி மலை. இன்னொரு பக்கம் கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்துத் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் கட்டி முடித்த 217 அடி ராஜகோபுரம். கழுத்து வலிக்கிறவரை மேலே பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். இந்தத் தடவை நான் குனிந்து பார்ப்பதற்கென்றே போனேன். பார்க்கப் போனது ஐயங்குளத்தை.

1896-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி காலையில், பதினாறு வயசுப் பையன் ஒருவன் இந்தக் குளத்தின் படியில் நின்றுகொண்டு ஒரு பட்சணப் பொட்டலத்தைத் தண்ணீருக்குள் எறிந்தான். இந்தக் கட்டைக்கு இனிப்பு எதற்கு என்பது அவன் நினைப்பு. பையனின் பெயர் வேங்கடராமன். பிற்பாடு உலகம் அவனை ரமண மகரிஷி என்று அழைத்தது. அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். துறவுக்கு அடையாளம், அவ்வளவுதான். எனக்கு மட்டும் அந்த இரண்டு வரியைத் தாண்ட முடியவில்லை. பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்த கை யாருடையது, அதற்காக எத்தனை நாழிகை அடுப்படியில் புகை தின்றிருக்கும் என்று மனசு அந்தப் பக்கமாகவே போகிறது. நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தப் பழக்கம் போகாது.

முதல்நாள் கோகுலாஷ்டமி. கோகுலாஷ்டமிப் பட்சணம் என்றால் சரித்திர ஆராய்ச்சி வேண்டாம், தமிழ்நாட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். உப்புச் சீடை, வெல்லச் சீடை, முறுக்கு, தட்டை. வசதியுள்ள வீடாக இருந்தால் அதிரசமும் இருக்கும். சீடை லேசான காரியம் என்று நினைக்கிறவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, வறுத்து அரைத்த உளுத்த மாவும் வெண்ணெயும் எள்ளும் சேர்த்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவில் உருட்டித் துணியில் பரப்பி உலரவிட வேண்டும். மாவில் மண்ணோ பருக்கையோ இருந்தாலும், ஈரம் தங்கியிருந்தாலும், எண்ணெயில் போட்டதும் சீடை வெடிக்கும். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிறது, விஷயம் அவ்வளவுதான். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் சீடையை வழவழவென்று அழுத்தி உருட்டமாட்டார்கள். மேலே இரண்டு கீறல் இருந்தால் நல்லது என்பார்கள். என் அத்தை சீடை போடுகிற அன்று குழந்தைகளைச் சமையலறை வாசற்படிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிடுவாள். கையில் கேடயம் மாதிரி ஒரு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாணலியை நெருங்குவாள். அப்படிப் போர்முனையில் நின்று செய்த பண்டம், பொட்டலமாகக் குளத்தில் விழுந்தது என்றால் எப்படி இருக்கும்!

அதிரசத்தின் கதை இன்னும் பழசு. விஜயநகர காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் 'அதிரசப்படி' என்று தனியாகவே கட்டளை இருக்கிறது. அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி என்று பட்டியல் நீளும். திருவண்ணாமலைக் கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்ட அதே ராயர்களின் காலம். செய்முறை இன்றைக்கும் மாறவில்லை. ஊறிய பச்சரிசியை ஈரம் முழுவதும் காயுமுன் இடித்து, வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் உருட்ட வருகிற பதத்தில் இறக்கி, ஏலமும் சுக்கும் தட்டிப் போட்டு மாவைக் கொட்டிக் கிளறவேண்டும். ஒரு நாளாவது ஊறட்டும். மறுநாள் வாழையிலையில் தட்டிச் சுட்டெடுத்து, இரண்டு கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடிக்கவேண்டும். பாகு ஒரு கொதி அதிகமானால் கல், ஒரு கொதி குறைந்தால் எண்ணெயில் கரைந்து காணாமல் போகும். தீபாவளிக்குக் கேதார கௌரி நோன்பு நோற்கிற வீடுகளில் இருபத்தொரு அதிரசம் எண்ணி வைப்பார்கள். அந்த நோன்பு அம்பிகை ஈசனின் பாதி உடம்பைப் பெற்ற கதையைச் சொல்வது. அவள் பாதி உடம்பைப் பெற்ற இடம் திருவண்ணாமலை என்பது இந்த ஊர்க்காரர்களின் கட்சி.

'சுட்டு' என்று சொன்னேன். தமிழில் இது ஒரு விசித்திரமான சொல். தோசை சுடுகிறோம், அப்பளம் சுடுகிறோம், வடை சுடுகிறோம், பணியாரம் சுடுகிறோம். கல்லில் வெந்தாலும், தணலில் வாட்டினாலும், எண்ணெயில் மிதந்தாலும் எல்லாம் சுடுவதுதான். மூடிய அடுப்பின் அனலில் வேகவைப்பதற்கென்று நம்மிடம் தனிச்சொல் இல்லை, ஏனென்றால் நம் வீடுகளில் அந்த அடுப்பே இல்லை. ரொட்டி போடுகிற அடுப்பு பறங்கிக்காரர்களோடு வந்தது. இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் 'பாண்' என்பது போர்ச்சுக்கீசியரிடமிருந்து கற்றது. பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்று அழகான பெயரும் அவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அடுப்பு இல்லை என்பதற்காக நம் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. அதே அத்தை ரவையைத் தயிரில் ஊறவைத்து, சர்க்கரையும் வெண்ணெயும் ஏலப்பொடியும் சேர்த்து, கனமான உருளியில் மணல் பரப்பி அதன்மேல் பாத்திரத்தை வைத்து, மூடியின்மேல் தணலைக் கொட்டி 'கேக்கு' செய்வாள். அடியிலும் அனல், முடியிலும் அனல். ஓரம் பொன்னிறமாகச் சிவந்து, நடுவில் மெத்தென்று இருக்கும். இன்று செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்களுக்காக ஏற்பட்ட கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் விதவிதமான கேக்குகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை வாங்கித் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏலக்காய் இல்லை.

இந்த ஊருக்குத் தின்பண்டத்தோடு உள்ள உறவு ரொம்ப நாளையது. அருணகிரிநாதர் பிறந்த ஊர் இதுதான் என்பது பரம்பரையான நம்பிக்கை. திருப்புகழின் தொடக்கத்தில் விநாயகரைத் துதிக்கிற பாட்டு ஒன்றில் அவர் கரும்பு, அவரை, பழம், சர்க்கரை, பருப்பு, நெய், எள், பொரி, அவல், இளநீர், தேன், பயறு, அப்பம், பிட்டு, வெள்ளரிப்பழம், கிழங்கு, கடலை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பக்தர்கள் அதில் பக்தியைப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மளிகைக் கடைப் பட்டியலும் தெரிகிறது, மன்னிக்கவேண்டும்.

வேங்கடராமன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையன் மதுரையிலிருந்து புறப்பட்டு நான்கு நாளில் என்னென்ன சாப்பிட்டான் என்பது ஆச்சரியமாக முழுசும் பதிவாகியிருக்கிறது. அண்ணனுக்குக் காலேஜ் சம்பளம் கட்ட வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு 1896 ஆகஸ்டு 29-ஆம் தேதி ரயில் ஏறினான். திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. மிச்சம் மூன்றணா. திருச்சியில் பசித்தது. அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கினான். ஒரு வாய் கடித்ததுமே பசி அடங்கிவிட்டதாம். விழுப்புரத்தில் இறங்கி ஒரு சாப்பாட்டு விடுதியில் சாப்பிட்டான். விலை கேட்டு, கையில் இருந்த இரண்டரை அணாவை நீட்டினான். விடுதிக்காரர் பையனின் முகத்தையும் காசையும் பார்த்துவிட்டு, வாங்க மறுத்துவிட்டார். இந்த மனிதரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் ரயில் போகும். அங்கிருந்து நடை. அரையணிநல்லூர்க் கோயிலுக்கு வந்து சேர்ந்து, பிறகு கீழூர்க் கோயிலில் போய்ச் சோறு கேட்டான். கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த கோயில் மேளக்காரர், தம் பங்குப் பிரசாதத்தை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். சோற்றை வாங்கிக்கொண்டு, தண்ணீர் தேடி ஒரு சாஸ்திரி வீட்டு வாசலுக்குப் போனவன் அசதியில் அப்படியே விழுந்துவிட்டான். கண் விழித்தபோது சோறு தரையில் சிதறிக் கிடந்தது. அதைப் பொறுக்கியெடுத்துச் சாப்பிட்டான். இந்த யாத்திரையில் என்னை உலுக்குகிற கட்டம் இதுதான். குளத்தில் எறியப்பட்ட இனிப்பை எல்லோரும் சொல்கிறார்கள். தரையிலிருந்து பொறுக்கப்பட்ட சோற்றைச் சொல்கிறவர்கள் குறைவு. கோயிலில் ஒரு படி கீழே வைக்கப்பட்ட மேளக்காரரின் பங்கு அது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மறுநாள்தான் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் அவனுக்குச் சாப்பாடு கிடைத்தது. அந்த வீட்டு அம்மாள் எதிரே உட்கார்ந்து, போதும் என்றாலும் விடாமல் வயிறு நிறையப் போட்டாள். கிளம்பும்போது, பூஜைக்கென்று செய்து வைத்திருந்த பட்சணத்தில் ஒரு பங்கைப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்தாள். கோகுலாஷ்டமி அன்று சுவாமிக்குச் செய்ததை ஒரு வழிப்போக்கப் பையனுக்கு எடுத்துக் கொடுப்பது என்பது அந்தக் காலத்து ஆசார வீட்டில் சாமானிய விஷயமா? குழந்தைகள் கைவைத்தாலே முதுகில் விழுகிற நாள் அது. அந்த அம்மாள் அன்றைக்கு வந்த கிருஷ்ணன் யார் என்று தீர்மானித்துவிட்டாள் போலிருக்கிறது.

பொட்டலம் குளத்துக்குள் போயிற்று. கதை அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. நாக்கைத் துறந்ததாகச் சொல்லப்பட்ட அந்தப் பையனை இந்த ஊரில் ஐம்பத்துமூன்று வருஷம் விடாமல் பெண்கள் துரத்திக்கொண்டு வந்து சோறு போட்டார்கள் என்பதுதான் பிற்பாடு நடந்தது.

முதலில் கோயில் சுப்பிரமணியர் சந்நிதியில் அவர் கண்மூடி உட்கார்ந்திருந்த காலம். அம்மன் அபிஷேகப் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். பாலோடு தண்ணீர், மஞ்சள்பொடி, சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் கலந்திருக்கும். எதையும் அறியாதவர் போல அதைக் குடித்துக்கொண்டிருந்தார். பார்த்த குருக்களுக்கு மனசு பொறுக்காமல், இனிமேல் சுத்தமான பாலைத் தனியாகக் கொடுத்தனுப்பச் சொன்னார். அப்புறம் மலைமேல் விரூபாட்ச குகை. அங்கே அடியார்கள் ஊருக்குள் போய் வாங்கிவந்த பிச்சையை எல்லாம் ஒன்றாகக் கலந்து கொதிக்கவைத்துச் சாப்பிடுவார்கள். உப்பு இருக்காது. ஒருநாள் யாரோ உப்பு வாங்கலாமே என்றார்கள். வேண்டாம் என்று தடுத்துவிட்டார். இன்றைக்கு உப்பைக் கேட்கிற நாக்கு நாளைக்குப் பருப்பைக் கேட்கும், மறுநாள் பாயசம் கேட்கும் என்பது காரணம். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது சத்தியவாக்கு என்று தெரியும்.

கீரைப் பாட்டி என்று ஒரு கிழவி. குகை நமசிவாயர் கோயில் மண்டபத்தில் குடியிருந்தாள். மலையில் சுற்றிக் கீரை பறித்துவந்து, ஊருக்குள் போய்ப் பருப்பு, புளி என்று நாலு வீட்டில் வாங்கிச் சமைத்து, முதல் பங்கை மலைமேல் இருக்கிற சாமிக்குக் கொண்டுபோவாள். அவளுடைய பாத்திர பண்டம் ஒரே ஒரு மண்சட்டி. அதிலேயே வெந்நீர் போட்டுக் குளிப்பாள். அதைக் கழுவிச் சோறு வடிப்பாள். பிறகு குழம்பு, பிறகு கீரை. இதையெல்லாம் பின்னாளில் மகரிஷியே ரசித்து வர்ணித்திருக்கிறார். 1921-இல் அவள் இறந்தாள். 1926-இல் ஆசிரமத்துக்குக் கன்றாக வந்த லட்சுமிப் பசு அவளுடைய மறுபிறவி என்று அடியார்கள் நம்பினார்கள். 1948-இல் அந்தப் பசு இறந்தபோது சமாதி எழுப்பியிருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். மறுபிறவியைப் பற்றி எனக்குத் திட்டமான அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஒரு கைப்பிடிக் கீரைக்கு இத்தனை வருஷம் கணக்கு வைத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்பது மனசுக்கு இதமாக இருக்கிறது. எச்சம்மாள் இன்னொருத்தி. இருபத்தைந்து வயசுக்குள் புருஷனையும் குழந்தைகளையும் பறிகொடுத்துவிட்டு வந்தவள். 1945-இல் சாகிறவரைக்கும் நாள் தவறாமல் மகரிஷிக்குச் சாப்பாடு எடுத்துப் போனாள். அவளுக்கு அது உபசாரமா? மூச்சு விடுவதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1916-இல் தாயார் அழகம்மாள் வந்து பிள்ளையோடு தங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மலையில் அடுப்பு மூண்டது. ஸ்கந்தாசிரமத்தில் சமையல் என்று ஒன்று ஏற்பட்டது அவளால்தான். அவள் கடும் மடி. வெங்காயம் கூடாது, முருங்கைக்காய் கூடாது, புடவையில் யாரும் பட்டுவிடக்கூடாது. பிள்ளை விடுவாரா? அதோ வெங்காயம், ஜாக்கிரதை, மோட்சத்துக்குப் பெரிய இடைஞ்சல் என்று சீண்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் அவள் அப்பளம் இடுவதற்கு உட்கார்ந்து, ஒரு கை கொடேன் என்று பிள்ளையைக் கூப்பிட்டாள். அவர் கையைக் கொடுக்காமல் ஒரு பாட்டைக் கொடுத்தார். உளுந்தை உடைப்பது, பிரண்டைச் சாறு விட்டுப் பிசைவது, உலக்கையால் இடிப்பது, மிளகும் சீரகமும் சேர்ப்பது, குழவியால் இடுவது, நெய்யில் பொரிப்பது என்று அம்மாவின் வேலை முழுவதையும் ஞான மார்க்கத்துக்கு உவமையாக்கிய 'அப்பளப் பாட்டு' அது. வேதாந்தத்தை விடுங்கள். அதை அப்படியே ஒரு பக்குவக் குறிப்பாக வைத்துக்கொண்டு அப்பளம் இட்டுவிடலாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் பிரண்டையின் ஞாபகம் வரும். காரத்துக்கு மிளகு என்பதையும் கவனிக்கவேண்டும். மிளகாய், போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு கடல் தாண்டி வந்த சரக்கு. நம் பாட்டிமார் மடிச் சமையலிலும் சிராத்தத்திலும் அதை இன்னும் அன்னியனாகவே நடத்துகிறார்கள்.

1922 மே 19-ஆம் தேதி அழகம்மாள் காலமானாள். மலையடிவாரத்தில் அவளை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. அதற்கப்புறம் ஒரு விசித்திரம் நடந்தது. அம்மா கூப்பிட்டபோது கைகொடுக்காத பிள்ளை, அம்மா போன பிறகு அடுக்களைக்குள் நுழைந்தார். விடியுமுன் எழுந்து காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். சட்னி அரைப்பார், குழம்பைக் கிளறுவார், உப்புக் காரம் சொல்லிக் கொடுப்பார். பல வருஷம் இப்படி நடந்தது. வெளிக்கூடத்தில் அத்வைதம் கேட்க ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் காத்திருக்க, உள்ளே அவர் தரையில் சிந்திய கடுகைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். நேற்றைய மிச்சத்தை இன்றைய பதார்த்தத்தில் சேர்க்கச் சொல்வார். பழையதைக் கலப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்று சமையல்கார அம்மாக்கள் தவிப்பார்கள். கீழூரில் தரையிலிருந்து சோற்றைப் பொறுக்கிய கை அல்லவா, அது ஆசாரம் பார்க்குமா?

சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமியம்மாள், லோகம்மாள் என்று அந்த அடுக்களையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கைம்பெண்கள். ஊர் அவர்களை மூலையில் உட்காரச் சொல்லியிருந்தது. இங்கே நூறு பேருக்கு வடித்துக் கொட்டுகிற பொறுப்பு அவர்கள் கையில் இருந்தது. சம்பூர்ணம்மாள் சொல்லியிருக்கிற ஒரு சம்பவம். யாரோ கூடை கூடையாகக் கத்தரிக்காய் அனுப்பிவிட்டார்கள். நாள் தவறாமல் கத்தரிக்காய்க் கறி. மூலையில் காம்புகள் மலை போலக் குவிந்துவிட்டன. மகரிஷி அதைப் பார்த்துவிட்டு, இதையே கறி பண்ணுங்கள் என்றார். மாடு கூடத் தின்னாத சாமான்! வேறு வழியில்லாமல் காய்ந்த பட்டாணியோடு பானையில் போட்டு அடுப்பில் ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கொதித்தும் காம்பு காம்பாகவே இருந்தது. அவர் உள்ளே வந்து, கறி எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தார். கறியா வேகிறது, இரும்பு ஆணி அல்லவா வேகிறது என்றாள் அந்த அம்மாள். ஒன்றும் பேசாமல் கரண்டியை வாங்கி ஒரு கிளறு கிளறிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் காம்பு பஞ்சாக வெந்திருந்தது என்கிறாள். பந்தியில் எல்லோரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்களாம். என்ன காய் என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கரண்டியின் மகிமையா, ஆறு மணி நேரத்து நெருப்பின் மகிமையா என்பதை நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நெருப்புக்கு ஏழாவது மணி என்று ஒன்று உண்டு என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது அதன் பிற்பகுதி. எல்லோரும் புகழ்ந்து தின்ற அந்தக் கறியை அவர் மட்டும் மருந்து மாதிரி ஒரே வாயில் விழுங்கிவிட்டு, மறுபடியும் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டார். சம்பூர்ணம்மாளுக்கு முகம் வாடிவிட்டது. மறுநாள் அவர் வேறு யாரிடமோ சொல்வதுபோல, சாப்பிட்ட அத்தனை பேரும் நான்தானே, இதற்கு வருத்தப்படலாமா என்ற அர்த்தத்தில் சொன்னாராம். தமக்கென்று இலையில் ஒரு துளி அதிகமாக விழுந்தாலும் அவர் கோபித்துக்கொள்வார் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் உண்டானால் தனக்கும், இல்லாவிட்டால் வேண்டாம்.

இவ்வளவும் சொன்னவன் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தடுப்பு இருந்தது. ஒரு பக்கம் பிராமணர்கள், மறுபக்கம் மற்றவர்கள். சமையலும் பிராமணர்கள் வசம்தான். ஆசாரக்காரர்களும் கைநனைக்க வேண்டுமே என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு என்று சமாதானம் சொல்வார்கள். மகரிஷி இரண்டு பக்கத்தாருக்கும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதை நான் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். அது கண்டனமா, சம்மதமா, பொறுமையா என்று எனக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. காம்பைக்கூடக் கழிக்காத அடுக்களைக்கு அந்தத் தடுப்பைக் கழிக்கத் தெரியாமல் போயிற்றே என்று ஆற்றாமையாக இருக்கிறது. கீழூர் மேளக்காரர் ஒருநாள் இங்கே சாப்பிட வந்திருந்தால் அவர் உட்கார்ந்திருக்கவேண்டிய பக்கம் எது என்று யோசித்தால், சாப்பாடு உள்ளே இறங்க மறுக்கிறது.

கடுக்கனைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கோகுலாஷ்டமி அன்று பாகவதர் வீட்டில் சாப்பிட்டானே, அப்போது வேங்கடராமன் தன் காதில் இருந்த சிவப்புக்கல் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்து நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டான். கடுக்கன் இருபது ரூபாய் பெறும். பாகவதர் நேர்மையான மனுஷர். பையன் திரும்பிவந்து மீட்டுக்கொள்வதற்காக ஒரு சீட்டில் தம் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அவன் வீட்டைத் தாண்டியதும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டான். பொட்டலத்தை மட்டும் கிழிக்கவில்லை, எறியவும் இல்லை. திருக்கோவலூர் ரயில் நிலையத்தில் இரவு முழுவதும் அது அவன் கூடவே இருந்தது. மறுநாள் காலை ரயிலில் கூடவே திருவண்ணாமலைக்கு வந்தது. கோயிலுக்குள் போய் அண்ணாமலையாரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஐயங்குளத்துப் படிக்கட்டு வருகிறவரைக்கும் அதைக் கையில்தான் வைத்திருந்தான்.